சம்பந்தியைத் தெரியாது என்று சொன்ன வெப்சைட்

மயிலாப்பூர்,
ஆகஸ்ட் 1999

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கோதண்டபாணி அவர்களின் சமூகத்துக்கு, பாத்திர வாடகைக் கடை தெய்வசிகாமணி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு எங்கள் உடம்புகள் சுகம். மனசு மட்டும் நேற்று முதல் சுகமில்லை. அங்கு எல்லோருடைய சுகத்தையும் விசாரிக்க ஆசைதான். விசாரிக்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதைத் தாங்களே முடிவு செய்யவும்.

வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு எங்கள் பெண் சாருலதாவை எப்போது அழைத்துப்போக வரலாம் என்று நேற்று போனில் கேட்டேன். தாங்கள், "நாங்க யாருன்னே தெரியாதவங்க வீட்டுக்குப் புள்ளைத்தாச்சியை எப்படி அனுப்பறது?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். பிறகு சாரு தன் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னதில்தான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

என் மகன் குருபிரசாத் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நம் கடைக்கு ஒரு வெப்சைட் செய்திருப்பது தங்களுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் பேர், விலாசம் கொடுத்துப் பதிந்து, பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, உள்ளே போய் அண்டாவோ நாற்காலியோ கேட்கலாம். அவன் செய்தவரை ஒழுங்காகத்தான் செய்தான். எஸ்.எஸ்.எல்.சி.யிடம் இரண்டு முறை தோற்ற நான்தான் நடுவில் புகுந்தேன்.

"இன்னாடா, கேக்க வேண்டியதைக் கேக்கலியே? யாராச்சும் சொல்லி அனுப்பாம நம்ம கடையிலருந்து ஒரு கரண்டி வெளிய போயிருக்கா?"

"நைனா, அதெல்லாம் ஃபாரத்துல கேக்க மாட்டாங்க."

"அண்டா காணாப்பூட்டா கம்ப்யூட்டரா போய்த் தேடும்?"

'தங்களை அனுப்பியவர் யார்?' என்று ஒரு கேள்வி சேர்ந்தது. எனக்கு நம்பிக்கையான வாடிக்கைக்காரர்களின் பேர்களை நானே கொடுத்தேன். அதில் ஒரு பேரைச் சொன்னால் கதவு திறக்கும். சொல்லாதவருக்கு அவன் இங்கிலீஷில் 'இன்வேலிட்' என்று போட்டிருந்தான். வருகிற மனுஷரைப் பார்த்து அப்படிச் சொல்வது மரியாதையா? பண்பாக இருக்கட்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன்: 'மன்னிக்கவும். தாங்கள் குறிப்பிட்ட நபரை எங்களுக்குத் தெரியாது. தாங்கள் யாரென்றும் தெரியவில்லை.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் கொட்டை கொட்டையாக, சிவப்பில் போடச் சொன்னதும் நான்தான்.

தாங்களோ பெரிய மனசோடு கொட்டிவாக்கத்திலிருந்து அடையாறு பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்தக் கேள்விக்கு என் பேரையே எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பதில். ஆனால் என் கடைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் பட்டியலில் என் பேரை நான் எப்படிப் போடுவேன்? கம்ப்யூட்டர் என்னையும் தெரியாது என்றது, தங்களையும் தெரியாது என்றது. தாசில்தாராக இருந்து, ஒரு தாலுகாவுக்கே இன்னார் மகன் இன்னார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் தாங்கள்! பக்கத்து நாற்காலிக்காரன், "இன்னா சார், சம்பந்தி வீட்டு மிஷினே உங்களைத் தெரியாதுன்னுது?" என்று சிரித்தானாமே. அந்தச் சிரிப்பு எனக்கு இங்கே கேட்கிறது.

என் சம்சாரம் ஜலஜா என்னைத் தேற்றினாள். "மிஷின் உங்களைத் தெரியாதுன்னது சரிதான். தெரிஞ்சவங்க யார் உங்களை நம்பி வெப்சைட்டை ஒப்படைப்பாங்க?" இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம் கொடுத்த தேறுதல் அது.

சம்பந்தி, சாருவுக்கு இது தலைச்சன் பிரசவம். அவள் அம்மா வளையல் வாங்கிவிட்டாள், அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. என் முட்டாள்தனத்துக்குப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம். நாளைக் காலை குருபிரசாத் அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறிந்துவிடுவான். இது சத்தியம்.

மாப்பிள்ளைக்கு என் ஆசியையும், தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும் தாங்களே மனமிரங்கிச் சேர்ப்பிக்கவும்.

தங்களைத் தெரிந்தவன்,
தெய்வசிகாமணி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாருவும் தங்கள் துணைவியார் தங்கபுஷ்பம் அம்மாளும் பெட்டியோடு இறங்கினார்கள். தாங்கள் தூங்கும் நேரம் பார்த்துக் கிளம்பினார்களாம். கடிதத்தைக் காட்டினேன். "கோவமாவது! தினம் சாயங்காலம் அந்த பிரவுசிங் கடைக்குப் போயி, ஒவ்வொரு பேரா போட்டு உள்ள நுழையப் பாக்கிறாரு. ரிடையர் ஆனதுலருந்து இப்பதான் மனுஷன் வீட்டை விட்டு வெளிய போறாரு. அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார்கள். ஆகவே மேற்படி சத்தியம் ரத்து. வெள்ளிக்கிழமை தாங்கள் நேரிலேயே வந்துவிடவும்.