சுவருக்கு அந்தப்பக்கம்

போர்வைக்குள் தலையோடு புகுந்துகொண்டு, தொலைபேசியை வாயோடு ஒட்டவைத்து, "பயப்படாதீங்க" என்றான் அவன். சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுமுனையில் ஒரு பெரியவர். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"யாருப்பா பேசறது?"

"லிஃப்ட் கம்பெனியிலேர்ந்துதான் சார். மெக்கானிக் கிளம்பிட்டாரு. பயப்படாதீங்க."

"நீ ஏன் இப்படி ரகசியமாப் பேசற? உனக்கு அங்க என்ன ஆச்சு?"

அதுவரை தைரியமாகத்தான் இருந்தாராம் அந்தப் பெரியவர். இவன் குரலைக் கேட்ட பிறகுதான் கைகால் உதற ஆரம்பித்ததாம். வெளியே வந்ததும் முதல் காரியமாகக் கம்பெனிக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே மேற்பார்வையாளர் இவனைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படிப் பேய் மாதிரிப் பேசினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிய பயம் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தது.

மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பை எடுத்துத் தைரியம் சொல்வது அவன் வேலை. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை வீட்டிலிருந்தே பார்க்கிறான். மனைவி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து எட்டரைக்கு வந்து படுப்பாள். அவன் வேலை செய்யும் அறைக்கும் அவள் தூங்கும் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அது சுவரா, வெறும் காகிதமா என்று அவனுக்குச் சந்தேகம்.

போன மாதம் ஒருநாள் டீ குடிக்கும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள், தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேறொருவரின் மருந்தைக் கையில் எடுத்துவிட்டாளாம். கடைசி நிமிடத்தில் பெயரைப் பார்த்து வைத்துவிட்டாளாம். தூங்கும்போது இவன் குரல் திடீர் திடீரென்று கேட்டு இரண்டு மூன்று முறை விழிப்பு வந்துவிடுகிறது, வேறொன்றுமில்லை என்றாள். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். முகம் தெரியாத அந்த நோயாளி அன்றிலிருந்து இவன் கண்முன்னால் கட்டிலில் படுத்துக்கொண்டே இருந்தார். தான் உரக்கப் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அவர் உடம்பில்தான் போய் ஏறப்போகிறது என்று தோன்றியது.

போர்வைக்குள் கிசுகிசுக்கும் வழி அடைபட்டதும் கதவைக் கவனித்தான். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு சந்து. பழைய துண்டைச் சுருட்டி அழுத்தித் திணித்தான். சத்தம் குறைந்தது உண்மைதான். ஆனால் கதவும் இறுகிக்கொண்டது. பாத்ரூம் போக அவசரமாக இழுத்தபோது அது திறந்த சத்தத்தில் பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். வந்த காரியம் மறந்துபோயிற்று.

அடுத்த நாள் பரண்மேல் கிடந்த உபரி மெத்தையை இறக்கிச் சுவரோடு நிமிர்த்தி வைத்தான். ஒன்பது நாற்பதுக்கு ஒரு பெண்மணி லிஃப்டிலிருந்து அழுதுகொண்டே பேச, அவன் முதல் முறையாகத் தெம்பான குரலில் ஆறுதல் சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே மெத்தை மெல்லச் சரிந்து பீரோமேல் விழுந்தது. பீரோ கதவு திறந்து, உச்சியிலிருந்த இரும்புப் பெட்டி இறங்கி வந்தது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஏதாவது விழுந்துச்சா?"

"இல்லையே" என்றான், மெத்தைக்கு அடியிலிருந்து.

அன்று மாலை அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும் மச்சானை வரவழைத்தான். அவளுடைய தம்பி. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் தொழில். சத்தத்தைப் பெருக்கத் தெரிந்தவனுக்குக் குறைக்கவும் தெரியும் என்பது இவன் கணக்கு. மச்சான் சுவரைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துப் பார்த்தான். இரண்டு அறையின் சுவிட்ச் பெட்டிகளும் முதுகோடு முதுகாக ஒரே ஓட்டைக்குள் இருப்பதைக் கழற்றிக் காட்டினான்.

"மாமா, நீங்க இவ்வளவு நாளா அக்கா காதுக்குள்ளதான் பேசிட்டு இருந்திருக்கீங்க."

பத்து நாள், அவள் வீட்டில் இல்லாத அந்தி நேரங்களில் வேலை நடந்தது. ஓட்டைகளைப் பூசினார்கள். நாலு சுவருக்கு முன்னாலும் பலகைச் சுவர் எழுப்பி, நடுவில் பஞ்சு அடைத்தார்கள். கதவு விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. ஜன்னலுக்கு இரட்டைத் திரை. அறை நாலு பக்கமும் உள்ளே நகர்ந்து வந்ததில், நாற்காலியைப் போட்டால் மேஜை வெளியே போக வேண்டியதாயிற்று. மடியில் வைத்துக்கொண்டு எழுதினான்.

"ஏங்க, இவ்வளவு தேவையா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். தனக்காக ஒருவன் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காத மனசு என்று நினைத்துக்கொண்டான். அந்த மனசுக்காகவே இன்னும் ஒரு அடுக்குப் பஞ்சு அடைக்கச் சொன்னான்.

சத்தம் நின்றது. பயம் நிற்கவில்லை. பெரிய சத்தங்கள் போனதும், இதுவரை காதில் விழாத சின்னச் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கினான். குளிர்சாதனப் பெட்டி நினைத்தபோதெல்லாம் உறுமியது. பகலில் அதை அணைத்து வைத்ததில் பால் தினமும் திரிந்தது. மின்விசிறி வேண்டாம் என்று முடிவெடுத்தான். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சத்தம் போகாத அறைக்குள் காற்றும் வராது என்பதை மச்சான் சொல்ல மறந்திருந்தான்.

வியர்த்து ஒழுக, மூச்சு வாங்க அவன் பேசுவதைக் கேட்டு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்லூரிப் பெண், "சார், நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். கடைசியில் அவள்தான் அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

இருந்தாலும் பலன் தெரிந்தது. மனைவியின் முகத்தில் ஒரு தெளிச்சி. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிற்று. நல்ல தூக்கமா என்று அவன் கேட்டபோது, அருமையான தூக்கம் என்றாள். சொல்லும்போது கொஞ்சம் தலைகுனிந்துகொண்டாள். அவன் கண் கலங்கிவிட்டது.

அப்படி மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் அவன் எண்ணுக்கே கூப்பிட்டார். மருந்து அலமாரிச் சாவி அவன் மனைவியின் பையோடு வந்துவிட்டதாம். அவள் போனை எடுக்கவில்லையாம். உடனே எழுப்பிக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார்.

எழுப்பாமல் முடியாதா என்று அவன் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். ரப்பர் பட்டை சத்தம் போடாதபடி கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்தான். செருப்பைக் கழற்றினான். பக்கத்து அறையில் ஜன்னல் மூடி இருட்டாக இருந்தது. கட்டிலில் போர்வை குவிந்திருந்தது.

"இந்தாம்மா" என்றான் மெல்ல. பதில் இல்லை. பாவம், என்ன அசதியோ என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடி கூப்பிட்டான். பிறகு ஒரு விரலால் போர்வையைத் தொட்டான். அது அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போய்ப் படுக்கையைத் தொட்டது.

கட்டிலில் யாரும் இல்லை.

குளியலறை, சமையலறை, பால்கனி எங்கும் இல்லை. அவள் செல்போன் மட்டும் தலையணைக்கு அடியில் வாயடைத்துக் கிடந்தது. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. யாராவது உள்ளே வந்திருந்தால்? அவள் கத்தியிருந்தால்? கத்தினாலும் தனக்குக் கேட்டிருக்காது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு அடுக்குப் பஞ்சு. தானே பார்த்துப் பார்த்து அடைத்தது.

வெறுங்காலோடு வெளியே ஓடினான். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். பூட்டு. கீழே காவலாளி, அம்மா கேட்டைத் தாண்டவில்லை என்று சத்தியம் செய்தார். அப்படியானால் மேலே. மொட்டைமாடி என்ற நினைப்பு வந்ததும் இரண்டு இரண்டு படியாக ஏறினான். படிக்கட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். ஒரு மாதமாகக் குரலையே உயர்த்தாதவன் போட்ட சத்தம் நாலு மாடிக்கும் எதிரொலித்தது.

மூன்றாவது மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ரேடியோ வேறு பாடிக்கொண்டிருந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையற்காரம்மா எழுந்து வந்தார்.

"என் வீட்டம்மாவைக் காணோம்" என்று அவன் அந்தச் சத்தத்துக்கு மேல் அலறினான். "கட்டில் காலியா இருக்கு. யாராவது தூக்கிட்டுப் போயிட்டாங்களோ என்னவோ, நீங்க பாத்தீங்களா?"

தையற்காரம்மா பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுங்க தம்பி, வீட்ல சத்தமே இல்லாம பயமா இருக்குன்னு மூணு வாரமா அவங்க இங்க வந்துதான் தூங்குறாங்க."