ஒரு ஓட்டில் போன கேன்டீன் மேஜை

ஓசூர்,
12-12-1988

மாப்பிள்ளை சென்னகிருஷ்ணன் அவர்களுக்கு மச்சான் ஆஞ்சப்பன் எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரமும், உங்கள் சம்சாரமும் என் தங்கையுமான முனிலட்சுமியும் சுகம். ஜவளகிரியில் நீங்களும் கேழ்வரகும் சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். மற்றபடி தெரிந்துகொள்ளும் ஆவல் எதுவும் இல்லை. தங்கை புருஷன் என்கிற மரியாதைக்காக 'நீங்கள்' என்று ஆரம்பித்திருக்கிறேன். அது எத்தனை வரி தாங்கும் என்று எனக்கே தெரியாது.

நம் ஃபேக்டரி கேன்டீன் கமிட்டித் தேர்தல் முடிவைச் சனிக்கிழமை கேன்டீன் கதவில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்ட கையோடு அறுப்பு என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிய ஆளுக்கு அது எப்படித் தெரியும்? நானே சொல்கிறேன். கிருஷ்ணப்பன் எழுபத்தெட்டு. முத்துமணி எழுபத்திரண்டு. சின்னராஜ் நாற்பத்தொன்று. ஆஞ்சப்பன் நாற்பது. நின்ற மற்றவர்கள் எல்லாம் எனக்கும் கீழே. இன்னொரு தடவை படியுங்கள். நாற்பத்தொன்று, நாற்பது. மெஷின் ஷாப்புக்கு இருப்பது மூன்றே இடம், நான் நாலாவது. ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்பதை ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் தெரியாத ஆள் மாதிரி நடந்துகொண்டதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆளுக்கு மூன்று ஓட்டு, சீட்டில் மூன்று பேருக்கு டிக் போடலாம், நாலாவது போட்டால் செல்லாது. எண்பத்திரண்டில் ஓசூர், தளி என்று நம் பக்கத்து ஆள் எழுபது பேர், திருநெல்வேலி மதுரையிலிருந்து வந்த தெற்கத்தி ஆள் ஐம்பது பேர். நம்மவர் மூன்று பேர் நின்றார்கள், எழுபது பேரும் அந்த மூன்று பேருக்கே குத்தினார்கள், மூன்று இடமும் நமக்கு. ஐம்பது பேர் இருந்தும் தெற்கத்திக்காரனுக்கு ஒரு இடம்கூட இல்லை. ரெண்டு வருஷம் வாரத்தில் மூன்று நாள் களி, சாம்பாரில் வெல்லம். அவர்கள் பாவம், தூக்குப்போசியில் வீட்டுச் சோறு கொண்டுவந்து நம்மை முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். எண்பத்து நாலில் நம்மவர்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. தளிக்கு ஒருத்தன், பேரிகைக்கு ரெண்டு பேர், ஜவளகிரிக்கு ஒருத்தன் என்று ஊருக்கு ஊர் கிளம்பி ஏழு பேர் நின்றோம். அந்த ஏழில் நானும் ஒருத்தன், ஒத்துக்கொள்கிறேன். நம் ஓட்டு ஏழாகச் சிதறி ஆளுக்கு முப்பது தேறியது. அவர்கள் மூன்றே பேர் நின்று ஆளுக்கு ஐம்பது வாங்கி மூன்று இடத்தையும் சுருட்டிக்கொண்டார்கள். களி போயே போச்சு. ரெண்டு வருஷம் புளிக்குழம்பு. என் வயிற்றில் இன்றைக்கும் அந்த எரிச்சல் இருக்கிறது.

எண்பத்தாறில் நம்மவர்களுக்குப் புத்தி வந்தது. மூன்று பேருக்கு மேல் யாரும் நிற்கக்கூடாது என்று கூடிப் பேசினார்கள். நான் ஒதுங்கிக்கொண்டேன். சும்மா ஒதுங்கவில்லை. கான்ட்ராக்டில் பெருக்கிக் கூட்டுகிற பொம்பளைகள் பதினெட்டு பேருக்குக் கேன்டீனில் கடைசி ரெண்டு மேஜையை விடவேண்டும் என்று, நின்ற மூன்று பேரில் ஒருத்தனான கிருஷ்ணப்பனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஒதுங்கினேன். அந்தப் பதினெட்டில் ஒருத்தியான நம் முனிலட்சுமி ஆறு வருஷமாக ஸ்கிராப் யார்டில் இரும்புப் பிசிறுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் தின்கிறாள், மழை வந்தால் தட்டின் மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றபடியே தின்கிறாள். அதைப் பார்த்துவிட்டு உள்ளே மின்விசிறிக்கடியில் என் தொண்டையில் சோறு இறங்குமா? மூன்று பேரும் ஜெயித்தார்கள். மறுநாளே போய்க் கேட்டேன். கிருஷ்ணப்பன் பல்லைக் குத்திக்கொண்டே என்ன சொன்னான் தெரியுமா? "அந்தப் பொம்பளைங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே ஆஞ்சப்பா, அவங்களுக்குப் பண்ணி என்னா ஆவப்போவுது?" அன்றைக்கு அவன் சாறு கிண்ணத்தை அவன் தலையிலேயே கவிழ்த்திருக்கணும். விட்டுட்டேன். அந்தக் கோபந்தான் ரெண்டு வருஷமா உள்ளே வெந்துக்கிட்டு இருக்குது.

அதனாலதான் இந்தத் தடவை எந்தப் பக்கமும் சேராம தனியா நின்னேன். ஒவ்வொரு மெஷினாப் போய், "மூணுல ஒண்ணு எனக்கு, மிச்சம் ரெண்டும் உங்க இஷ்டம்"னு கேட்டேன். களிக்காரனும் சரின்னான், புளிக்குழம்புக்காரனும் சரின்னான். தெற்கத்திக்காரங்க சார்பா நின்ன முத்துமணியே கையைப் புடிச்சிக்கிட்டு, "அண்ணாச்சி, எங்க ஆளுக எல்லாரும் ஒங்களுக்கு ஒண்ணு போட்டுருவாவ, கவலைப்படாதிய"ன்னான். இருக்குற நூத்தி இருபத்தஞ்சு பேருல நூறு பேராவது போடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். எண்ணிப் பாத்தா நாப்பது! அப்புறம் விசாரிச்சேன். எல்லாரும் ஒரே பாட்டு: "உனக்குத்தான் எல்லாரும் போடுறாங்களே, நான் ஒருத்தன் போடலேன்னா என்னா ஆயிடும்னு அந்த ஓட்டை எங்க ஆளுக்குப் போட்டேன்." இப்படி ஆளாளுக்கு நினைச்சா விளங்குமா? மூளை இருக்குறவன் எவனாவது அப்படி நினைப்பானா?

சரி, அவங்க ஊரான். நீ யாருய்யா? வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம பக்கத்துச் சின்னராஜ் ஓட்டுக் கேட்டு வெத்தலை பாக்கோட உன் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும், தெருவே பாத்துது. வெள்ளிக்கிழமை அவன் மொபெட்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு நீ பஸ் ஸ்டாண்டு போனதையும் இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். வெத்தலையைக் கையில வாங்கிட்டா வார்த்தை மாறக்கூடாதுங்கிறது நம்ம பக்கத்து வழக்கம், இல்லேங்கல. அதுக்குத்தான் வாங்கவே கூடாதுங்கிறேன். பல்லு வலின்னு சொல்லத் தெரியாதா? நீட்டினவன் மொகத்துக்காக ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு வாங்குற ஆம்பளை, பொண்டாட்டி வெயில்ல உக்காந்து திங்கிறதை நினைச்சுப் பாத்தியா? ஒரு வெத்தலைக்கு வளைஞ்சு போற முதுகெலும்பை வச்சிக்கிட்டு எப்படிய்யா கேழ்வரகு அறுக்குற?

இதுக்கு மேல எழுதினா பேனா முள்ளு உடைஞ்சிடும். என்ன இருந்தாலும் தங்கை புருஷன் என்பதால் மறுபடியும் மரியாதைக்கு வருகிறேன். களம் நிறைய வேண்டும், உங்கள் இடுப்பு வலி விட வேண்டும், ஊரில் பெரியவர்களுக்கு என் கும்பிடு. நீங்கள் திரும்பி வந்ததும் என் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளும்,

ஆஞ்சப்பன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் முனிலட்சுமி வந்தாள். யாருக்கு அண்ணா இவ்வளவு நீளம் என்றாள். கோபத்தில் வெத்தலை விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "அய்யோ அண்ணா, அவரு வெத்தலையைத் தொடவே இல்ல. எங்க மச்சானுக்குத்தான் போடுவேன், நீ போயிட்டு வான்னு வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னுதான் மொபெட்ல ஏறினாரு" என்றாள்.

மாப்பிள்ளை, இதை உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சின்னராஜ் உங்க வீட்டிலிருந்து நேரா என் வீட்டுக்குத்தான் வந்தான். அவன் போனதும் கிருஷ்ணப்பன் வந்தான். அப்புறம், நம்ம வழக்கத்தை யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு முத்துமணியும் வெத்தலைத் தட்டோட வந்தான். எனக்குப் பல்லு வலி ஞாபகம் வரல. மூணு வெத்தலை, மூணு ஓட்டு. சீட்டுல என் பேரையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். எல்லாரும்தான் எனக்குப் போடுறாங்களே, நான் ஒருத்தன் போடலேன்னா என்னா ஆயிடும்னு தோணிச்சு. மூணு பேருக்கும் டிக் போட்டுட்டு வந்துட்டேன். மூணு பேரும் ஜெயிச்சிட்டாங்க. சின்னராஜைப் பாத்து, நீ எனக்குப் போட்டியாடான்னு கேட்டேன். "எனக்கு நானே போடலேன்னா வேற எவன் போடுவான்?"னு சிரிக்கிறான்.

அறுப்பு முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. படி ஏறலாம். முனிலட்சுமிகிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க. அவ வாசல்ல நின்னுக்கிட்டு, "எவனோ ஒருத்தன் உனக்குப் போடாமத்தான் அண்ணா, நாங்க பதினெட்டு பேரும் இன்னும் ரெண்டு வருஷம் வெயில்ல உக்காந்து திங்கணும். அவன் கை விளங்காமப் போவ"ன்னு சொல்லிட்டுப் போனா. அந்தக் கையாலதான் இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.