சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை

கடைக்குப் போவார். சாமானைக் கையில் எடுப்பார். இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள என்ன பெருசா இருக்கு? நானே பண்ணிடுவேன்" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். இந்த ரகத்துக்கு 'நானேபண்ணி' என்று பெயர் வைப்போம். உங்களுக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது இருப்பார். இல்லை என்று சொல்கிறீர்களா? கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் டுலூத்தில் பாதி வருஷம் பனி, வீட்டுக்கு வீடு தரைக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட். நானேபண்ணி செழித்து வளர வேறென்ன வேண்டும்? காகித ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற வெண்டல் ஸ்கார்ஸ்டாடையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அவர் மனைவி மார்லிஸுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் நாலு பல்பு விளக்கு அவர் கண்ணைக் குத்தியது.

"வெளிச்சத்தக் குறைக்கிற டிம்மர் ஒண்ணு வாங்கி மாட்டிடேன், வெண்டல்."

கேட்டது அவ்வளவுதான். அன்று மாலையே வெண்டல் சுவரிலிருந்த சுவிட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "டிம்மர நானே பண்றேன். இனிமே இது எதுக்கு? எல்லாமே போன்லதான். ஒயரே கிடையாது!" சுவரில் ஓர் ஓட்டை மிஞ்சியது. டிம்மரைச் செய்து முடிக்கும்வரை ஒயர்களை நேராக இணைத்துவிட்டதால் விளக்கு ஓயாமல் எரிந்தது. அணைக்க வேண்டுமென்றால் பேஸ்மென்டுக்கு இறங்கி ஃப்யூஸ் பெட்டியில் அணைக்க வேண்டும். கூடவே ஃபிரிட்ஜும் அணைந்துபோகும். மார்லிஸ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அக்டோபரில், "இன்னும் ஒரே ஒரு பார்ட் வரணும்." நவம்பரில், "கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு." கிறிஸ்துமஸுக்கு, "கொள்கையளவுல வேலை செய்யுது." இவையெல்லாம் இந்த ரகத்தின் பருவகாலப் பாட்டுகள். இதற்கிடையே மார்லிஸ் ஆப்பிள் பை சுடும் கண்ணாடித் தட்டு, செம்பை அரிக்கும் திரவத்தில் ஊறிக் காபி நிறமானது.

சர்க்யூட்டைக் காகிதத்தில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் கோடுகள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்; மிச்சச் செம்பைத் திரவம் அரித்துவிட்டால் போர்டு தயார். ஆனால் அச்சடிக்கும்போதே படத்தை இடவலமாக மாற்றிவிட வேண்டும். வெண்டல் மாற்றவில்லை. போர்டு முழுக்கக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வந்தது. திரும்பச் செய்தாரா? செய்வாரா? சிப்பை மல்லாக்கப் போட்டு, கரப்பான்பூச்சிபோல் கால்களை வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

"இப்படி வெச்சாதான் காத்தோட்டமா இருக்கும்."

அந்த ஞாயிறு சர்ச்சுக்கு அவர் போட்டுப்போன வெள்ளைச் சட்டையின் முதுகிலும் இஸ்திரிப் பெட்டியின் புண்ணியத்தில் ஒரு சர்க்யூட் விழுந்திருந்தது. அது மட்டும் நேராக விழுந்திருந்தது.

பிப்ரவரியில் விஷயம் முற்றியது. மகள் பிரிட்டாவைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா டுவெய்னும் அம்மா லோர்னாவும் சனிக்கிழமை சாப்பிட வருவதாகச் சொன்னார்கள். முதல் சந்திப்பு.

"சம்பந்திங்க முன்னாடி நான் கறுப்புக் கண்ணாடியோட உக்காரமாட்டேன். சொல்லிட்டேன்."

"சனிக்கிழமைக்குள்ள ஜோரா எரியும் பாரு!"

"எரியுறதுதானே பிரச்சினையே, வெண்டல்."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, சனிக்கிழமை அது வேலை செய்தது. வெண்டல் போனில் விரலை இழுக்க இழுக்க வெளிச்சம் மெல்ல இறங்கியது. மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து மாதம் கழித்துத் தன் புருஷன் முகத்தை மேசைக்கு எதிரே அதன் சொந்த நிறத்தில் பார்த்தார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது அவருக்கு. இந்த மனிதரையா இத்தனை நாள் திட்டினோம் என்றுகூடத் தோன்றிவிட்டது.

சம்பந்திகள் வந்தார்கள், பனி பூட்ஸைக் கழற்றினார்கள், உட்கார்ந்தார்கள். வறுத்த மாட்டிறைச்சி மேசைக்கு வந்தது. கிரேவி ஆறியிருந்தது. மார்லிஸ் அதை மைக்ரோவேவில் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

பளீர்!

லோர்னாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மார்லிஸ் கண்ணைப் பொத்திக்கொண்டார். மைக்ரோவேவை நிறுத்தினால் விளக்கு மங்கியது, போட்டால் பளீர்.

"அது ஒண்ணுமில்ல," என்றார் வெண்டல். "மைக்ரோவேவ் ஓடுறப்போ போன் சொல்றது போர்டுக்குக் கேக்காது. கேக்கலைன்னா முழு வெளிச்சம் குடுன்னு நான்தான் பாதுகாப்புக்கு எழுதிவெச்சேன்."

"அப்போ கிரேவி சூடா வேணும்னா நான் குருடாகணுமா?"

"தற்காலிகமா."

பிரிட்டாவின் கல்யாணம் கண்ணெதிரே நழுவுவதுபோல் இருந்தது மார்லிஸுக்கு. அதுவரை வாயே திறக்காத டுவெய்ன் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"வைஃபைய எந்தச் சேனல்ல ஓட்டுறீங்க?"

வெண்டலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுத்த நிமிஷம் இருவரும் போர்டைக் கழற்றி, ஒயர்களைப் பழையபடி நேராக இணைத்துவிட்டு, "அஞ்சே நிமிஷம்" என்று பேஸ்மென்டுக்குள் மறைந்தார்கள். விளக்கு முழு வீச்சில் எரிந்தது.

மார்லிஸ் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். லோர்னா எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல இவர் கழட்டிப்போட்டது காலிங் பெல்," என்றார் லோர்னா. "மூணு வருஷமா எல்லாரும் கதவத் தட்டிட்டுதான் வர்றாங்க."

மார்லிஸ் கையுறையோடு மேலே ஏறி ஒரு பல்பைத் திருகிக் கழற்றினார். இரண்டாவது. மூன்றாவது. ஒற்றைப் பல்பின் இதமான வெளிச்சத்தில் இருவரும் ஆப்பிள் பையை வெட்டி வைத்துக்கொண்டு கல்யாணத் தேதியைக் குறித்தார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் படியேறி வந்த வெண்டல், போர்டைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தியா மார்லிஸ்! வேலை செய்யுது!"

மார்லிஸின் ஏப்ரன் பையில் மூன்று பல்புகள் பத்திரமாக இருந்தன.

"ஆமா வெண்டல்," என்றார் மார்லிஸ்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் கிரேவி சூடானபோது, 'அந்த இடத்தில் முழு வெளிச்சம் என்று எழுதாமல் பழைய அளவு என்று எழுதியிருந்தால் போதுமே, இதை நானே...' என்று உங்களுக்குத் தோன்றவில்லையே? தோன்றியதா? சரி, பரவாயில்லை. சுவிட்சை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.