கராம்பு குத்திய சமோசா

எண்பது சமோசாவில் எழுபத்துநான்கை மடித்த பெண்களிடமே திருப்பி அனுப்பியிருந்தார் மர்சூக். மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு லீலாதேவி மிஸ், பள்ளி விழாவுக்கு இருநூறு எடுக்க வருவார். இந்த முறையும் குறை என்றால் இனி ஓடர் இல்லை என்று சொல்லியிருந்தார்.

கெலிஓயா வீட்டில் பொரிக்காத சமோசா செய்து விற்பது மனைவி ரபீகாவின் தொழில். பெட்டி வாங்கப் பிலிமத்தலாவைக்குப் போகும்போது அவள் சொன்னது இதுதான்: "நீங்க ஒண்டும் செய்யவாணாம். பாத்துக்கொண்டு மட்டும் இரிங்க."

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் மர்சூக்கால் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க முடியுமா?

"பேச்சியம்மா, நம்மட உடம்புல ஒவ்வொரு கலமும் ஒரு சமோசாக் கடைதான். புரதம் முதல்ல நீள நாடா, இந்த மாப்பட்டி மாதிரி. மடிச்சாத்தான் வேல செய்யும்."

"அத யாரு சார் மடிக்கிறது?" ஹந்தானையிலிருந்து வேலைக்கு வரும் பேச்சியம்மா கேட்டாள்.

"உதவிப் புரதங்கள். நீங்களும் பஸ்னாவும் மாதிரி. பிறகு சோதனை. உள்ளுக்கு ஒளிஞ்சிரிக்க வேண்டிய எண்ணெய்ப் பகுதி வெளிய தெரிஞ்சா மடிப்புப் பிழை. சின்னதா ஒரு சீனி ஒட்டித் திருப்பி அனுப்பிரும்."

சீனி ஒட்டினால் எறும்பு வரும். ஆகவே மர்சூக் பிழையான சமோசாக்களில் கராம்பு குத்தினார்.

அவரிடம் மாதிரி ஒன்றும் இருந்தது. ஃப்ரிட்ஜில், தனிப் பொலித்தீனில், 'லீலா மிஸ்' என்று சீட்டு ஒட்டி ரபீகா பத்திரப்படுத்தியிருந்த ஒற்றைச் சமோசா. அதன் ஒரு மூலை இலேசாகத் திறந்திருந்தது. பெண்கள் மடித்தவற்றிலோ, ஆறைத் தவிர, எல்லா மூலைகளும் மூடியிருந்தன.

"உள்ள இருக்க வேண்டிய கிழங்கு வெளிய தெரியுதே, சார்? இப்பத்தானே சொன்னீங்க..."

"அது ஆவி போற வாசல், பேச்சியம்மா. மிஸ்ஸுக்குப் பிடிச்ச மடிப்பு."

ஒட்டிய மூலையைப் பிரித்தால் மாப்பட்டி கிழிந்தது. மர்சூக் தண்ணீர் தடவச் சொன்னார், களியானது. மூன்று முறை தோற்றதை உடைத்துக் கிழங்கைச் சட்டியில் போடச் சொன்னார்.

"கலத்திலயும் இப்பிடி உடைக்கிற இடம் இரிக்கி! துண்டுகள் வீணாகாது!" என்றார் உற்சாகமாக. கிழங்கோடு கராம்பும் சட்டிக்குள் போனது.

"பிழை கூடிப்போனா கலம் என்ன செய்யும், சேர்?" என்றாள் பஸ்னா.

"உற்பத்தியக் குறைக்கும்."

"அப்பிடியும் சரிவராட்டி?"

"தன்னையே அழிச்சிக்கொள்ளும்."

"அப்ப நான் ஊட்டுக்குப் போறேன், சேர்."

கெஞ்சி உட்கார வைத்தார். எல்லாவற்றையும் புதிதாக, முதலிலிருந்தே மாதிரிப்படி மடித்தார்கள். ஒரு மூலையை மூட வேண்டியதில்லை என்பதால் வேலை வேகமாக ஓடியது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க இருநூறும் முடிந்தது.

ரபீகாவிடமிருந்து ஃபோன் வந்தது. "ஒண்டும் செய்யல்லதானே?"

"சும்மா பாத்துக்கொண்டுதான் இரிக்கேன்."

வாசலில் ஓட்டோ நின்றது. லீலாதேவி உள்ளே வந்து கதிரையில் உட்காருமுன்னே மர்சூக் தட்டுகளை வரிசையாக வைத்தார். நடுவில் மாதிரி.

"பாருங்க மிஸ், இருநூறும் அப்பிடியே இது மாதிரி!"

லீலாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தார்.

"ஓம் மாஸ்டர், அச்சொட்டா இதேதான். போன கிழமை வாங்கினதெல்லாம் எண்ணெயில வெடிச்சிது, பொரிக்காம மிஞ்சினது இது ஒண்டுதான். எங்க பிழையெண்டு பாக்கச் சொல்லி ரபீகாட்ட நான்தான் குடுத்தனான்."