பழசும் புதுசும் ஜன்னல் அறையும்

இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இனிமேல் வெளியாள் கை படக்கூடாது, எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டிச் சபதம் செய்தேன். தட்டிய வேகத்தில் டம்ளர் சாய்ந்து தண்ணீர் முழுவதும் என் மடியில் கொட்டியது. மனைவி துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள்.

சபதத்துக்குக் காரணம் உண்டு. என் மனைவி வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பவள். சமையலறை எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் ஒரு நூல் பிசகாமல் வரைந்து இன்ஜினியருக்கு அனுப்புவாள். அந்த வரைபடங்கள் சேர்ந்து சேர்ந்து கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. தினமும் காலையில் ஆன் செய்ததும் 'இடம் இல்லை' என்று அது புலம்பும். பிறகு ஒரு கோடு போடச் சொன்னால் அரை மணி யோசிக்கும். இந்த விஷயத்தில் அது என்னைப் போல என்பாள் மனைவி.

பின் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவரை நாங்கள் டாக்டர் என்றுதான் சொல்வோம். பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். பிறகு நிமிர்ந்து, என்னை மட்டும் பார்த்து, "யாரு கை வச்சது?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி, இதே பார்வை. ரோஷமுள்ள எவனாவது இதைத் தாங்குவானா?

அவர்தான் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கச் சொன்னார், வாங்கியும் வைத்தோம். ஆனால் வெறும் ஃபைல்களைத் தூக்கிப் போட்டால் போதாதாம். ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு போக வேண்டுமாம். வீடு மாற்றுவது போலத்தான், நாற்காலி மேஜையை மட்டும் கொண்டு போய்ப் போட்டுவிட்டு குடும்பத் தலைவனை விட்டுவிட்டு வந்தால் புது வீட்டில் குடித்தனம் நடக்குமா என்று விளக்கினார். குடும்பத் தலைவன் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற கருத்து எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது என்றாள் மனைவி.

டாக்டரையே கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்று அவள் சொன்னபோதுதான் நான் மேஜையைத் தட்டியது.

"சரிங்க, நீங்களே செய்யுங்க. ஆனா ஒரு பந்தயம்" என்றாள்.

"சொல்லு."

"டாக்டர் உதவி இல்லாம மாத்திட்டீங்கன்னா ஜன்னல் ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு."

ஜன்னல் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சமும் காற்றும் வரும் ஒரே அறை அதுதான். அதில் என் சாய்வு நாற்காலி இருக்கிறது. நான் அங்கே யோசிப்பேன். கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பேன், சில சமயம் குறட்டை விட்டும் யோசிப்பேன். மனைவியோ அடுப்படிக்குப் பக்கத்தில் இருட்டு மூலையில் மேஜை போட்டு, பகலிலும் விளக்கெரித்து வரைந்துகொண்டிருந்தாள். அந்த அறை மேல் அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். எனக்கோ அந்த நாற்காலிதான் உயிர். ஆனாலும் சம்மதித்தேன். தோற்றால்தானே பிரச்சினை?

இங்கே என் குணம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் எதைச் செய்தாலும் தலைகீழாகத்தான் வரும் என்று வீட்டில் ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வைத்தேன், அது வெளிப்பக்கம் அமைந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிப்பவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். குழாய் மாட்டினேன். சிவப்பைத் திருகினால் பச்சைத் தண்ணீர் வரும், நீலத்தைத் திருகினால் தோல் உரியும். இதையெல்லாம் யாரும் சரி செய்வதில்லை. நான் கை வைத்த பொருள் என்றால் எங்கள் வீட்டார் தாமாகவே எதிர்ப்பக்கம் திருகிக்கொள்வார்கள். வருகிற விருந்தாளிகள்தான் பாவம்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, வேலையில் இறங்கினேன். திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு நூலகக் கட்டடத்தின் வரைபடத்தை இன்ஜினியரிடம் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் போட்டது. அதுவும் அந்த டிஸ்கில்தான் இருந்தது. "பார்த்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து பழைய டிஸ்கைக் கழற்றினேன். உள்ளங்கை அகலம்தான். புது டிஸ்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம். எது எவ்வளவு கொள்ளும் என்று மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். குழப்பம் வரக்கூடாது என்று இரண்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். 'பழசு', 'புதுசு'. பெரிய எழுத்தில், அந்தப் பொடி எழுத்து மறையும்படி நன்றாக அழுத்தி ஒட்டினேன்.

அந்த ஸ்டிக்கருக்கும் ஒரு வரலாறு உண்டு. எங்கள் சமையலறையில் டப்பாவுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் சம்பந்தமே கிடையாது. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும். பால் பவுடர் டப்பாவில் மெழுகுவத்தி இருக்கும். அதை ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று முன்பு ஒரு சபதம் செய்து வாங்கியவை. மட்டமான பசை. ஒவ்வொன்றாக உரிந்து பருப்பில் விழுந்ததில் அந்தச் சபதம் முடிந்துபோனது. மிச்சமிருந்த ஸ்டிக்கர்களுக்கு இப்போதுதான் நல்ல காலம் பிறந்தது.

நல்ல காரியத்தைக் குளித்துவிட்டுத் தொடங்கலாம் என்று டிஸ்க் இரண்டையும் மேஜையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பாடிக்கொண்டே குளித்துவிட்டு வந்தபோது மனைவி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசு பட்டால் டிஸ்குக்கு ஆகாதாமே என்றாள். ஒத்தாசையாக இருக்கிறாளே என்று எனக்கு மனசு குளிர்ந்தது.

டிஸ்கை நகலெடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். அதில் முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம். ஒன்றில் எடுக்க வேண்டிய டிஸ்கைச் சொருக வேண்டும், மற்றதில் போட வேண்டிய டிஸ்கை. பொத்தானை அழுத்தினால் ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதில் ஏறிவிடும். ஏறும் இடத்தில் முன்பு என்ன இருந்தாலும் அழிந்துபோகும். எந்தப் பள்ளம் எதற்கு என்று ஒரு தாளில் போட்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் அந்தத் தாள் எனக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. இதற்கெல்லாமா கண்ணாடி? புதுசு என்றால் முன்னால் நிற்க வேண்டும், பழசு என்றால் பின்னால் ஒதுங்க வேண்டும், உலக வழக்கம் அதுதானே. அப்படியே சொருகி அழுத்தினேன்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நான் பக்கத்திலேயே காவல் இருந்து, கண்ணை மூடி யோசித்தேன். விழித்தபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வெற்றி. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தேன்.

முன்பள்ளம்: எடுக்கும் இடம். பின்பள்ளம்: போடும் இடம்.

முன்னால் இருந்தது 'புதுசு'. அதாவது காலி. காலி டிஸ்கில் இருந்த ஒன்றுமில்லாததை எடுத்து, என் மனைவியின் இத்தனை மாத உழைப்பின் மேல் ஒரு பொட்டு விடாமல் கொட்டியிருக்கிறேன். ஜன்னல் அறை போனால் போகிறது, நாளைக் காலையில் அவள் இன்ஜினியர் முன்னால் வெறுங்கையோடு நிற்பாளே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் டாக்டரை அழைத்தேன். என் நண்பர் ஒருவர் காலி டிஸ்கை நிறைந்த டிஸ்க் மேல் நகலெடுத்துவிட்டாராம், மீட்க வழி உண்டா என்று கேட்டேன்.

மறுமுனையில் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். பிறகு, "அந்த நண்பர் பக்கத்துல இருக்காரா சார்?" என்றார்.

"ரொம்பப் பக்கத்துல இருக்கார்."

"அவரு வீட்டு மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடச் சொல்லுங்க. எங்ககிட்ட அதுக்கு மருந்து இல்ல."

குளியலறையிலிருந்து வெளியே வந்தவன் நேராகப் பாத்திரம் கழுவப் போனேன். பிறகு மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்தேன். துணி மடித்தேன். எனக்கே தெரியாத அலமாரிகளையெல்லாம் அடுக்கி வைத்தேன். நடுநடுவே அவள் வந்து ஆச்சா என்று கேட்டாள். டிஸ்க் சூடாக இருக்கிறது, ஆற வேண்டும் என்றேன். இவ்வளவு நேரத்தில் பாலை ஆறவைத்து உறை ஊற்றித் தயிரே ஆகியிருக்கும் என்றாள்.

பொழுது சாயும் நேரத்தில் இனிமேல் முடியாது என்று அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீ ஜன்னல் ரூமை எடுத்துக்கோம்மா" என்றேன்.

"பந்தயத்துல தோத்ததுக்காகவா?"

"பந்தயம் கிடக்கட்டும். உன் உழைப்பையே அழிச்சுட்டேன். எனக்கு எதுக்கு வெளிச்சமும் காத்தும்? மனசாரக் கொடுக்கிறேன்."

"நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது."

"மாட்டேன்."

"என்ன ஆனாலும்?"

"என்ன ஆனாலும்."

"அப்ப நாற்காலியை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். ஹாலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது சரியாகப் பொருந்தியது. திரும்பி வந்து அவள் மேஜைக்குக் கை கொடுக்கலாம் என்று பார்த்தால், மேஜை ஏற்கெனவே ஜன்னல் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. பெருக்குவதற்காக நகர்த்தினாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருவருமாகச் சேர்ந்து தள்ளி ஜன்னலோரம் போட்டோம்.

கம்ப்யூட்டரை அதன் மேல் வைத்தாள். நான் அழித்து நாசமாக்கிய 'பழசு' டிஸ்கைக் கையில் எடுத்தாள். வேண்டாம்மா, அதில் ஒன்றுமில்லை, பார்த்தால் உனக்குத்தான் வேதனை என்றேன். அவள் காதில் வாங்காமல் உள்ளே பொருத்திப் பொத்தானை அழுத்தினாள்.

ஆன் ஆனது. அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். நூலகம் வந்தது. படிக்கட்டு, தூண், கதவு எல்லாம் வந்தன. 'இடம் இல்லை' என்ற புலம்பலைக் காணோம். காலி இடம் மைதானம் மாதிரி கிடந்தது.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என் கைராசி அப்படி என்றேன். தலைகீழாகச் செய்தாலும் சரியாக வருகிறது பார் என்றேன். டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். வேலை ஒழுங்காக முடிந்துவிட்டதால் ஜன்னல் அறையை மறுபடியும் பேசித் தீர்க்கலாமே என்றும் மெதுவாக ஆரம்பித்தேன்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டிஸ்கை வெளியே எடுத்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பருப்பில் விழுந்த அதே பசை, சட்டென்று உரிந்து வந்தது. அடியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அது பெரிய டிஸ்க். அதாவது புதுசு.

"நீங்க குளிக்கப் போனப்ப ரெண்டு ஸ்டிக்கரையும் மாத்தி ஒட்டிட்டேன்" என்றாள். "நீங்க எப்படியும் மாத்திச் சொருகுவீங்க. மாத்தினதை மாத்தினா நேராயிடும்ல?"

பாதி நாளாக நான் பாத்திரம் கழுவியதும், விசிறி துடைத்ததும், கண் கலங்கியதும் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நூலகம் பிழைத்துக்கொண்டதே என்ற நிம்மதிதான் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகமும் நன்றாக இருந்தது. இருந்தாலும் ஆண்பிள்ளையின் மானம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"ஏம்மா, ஒருவேளை நான் சரியாச் சொருகியிருந்தா? உன் உழைப்பு மொத்தமும் போயிருக்குமே. அதை யோசிச்சியா?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவே விரலை விட்டுத் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்தாள். நேற்று நான் மேஜையைத் தட்டிவிட்டு மடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே எல்லா வரைபடத்தையும் அதில் எடுத்து வைத்துவிட்டாளாம்.

"கட்டின புருஷன் மேல இவ்வளவு அவநம்பிக்கையா? நான் தப்பு பண்ணிடுவேன்னு அவ்வளவு பயமா உனக்கு?"

"சேச்சே, நீங்க தப்புப் பண்ணுவீங்கங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லைங்க, அதை நம்பித்தானே ஸ்டிக்கரையே மாத்தினேன்" என்று டப்பாவை மூடினாள். "இது, தப்பித்தவறி நீங்க சரியாச் செஞ்சுட்டா என்ன பண்றதுன்னு."