கறிவேப்பிலைக்கு பார்கோடு

கொல்கத்தா மாநகரில் விலை எழுதிய எந்தப் பலகையும் கேடி அண்ணாச்சியிடம் வசவு வாங்காமல் தப்பியதில்லை. பால் பூத், மருந்துக் கடை, மெட்ரோ டிக்கெட் கவுன்ட்டர், காளிகாட்டில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் கடை எல்லாம் இதில் அடக்கம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் எவ்வளவு என்று கேட்கமாட்டார். "தாம் கே டிக் கொர்லோ?" என்பார். விலையை யார் போட்டது என்று அர்த்தம். நாற்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் அவருக்குச் சரளமாக வந்த வங்காளி வாக்கியம் அது ஒன்றுதான்.

நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடி வளாகத்துக் குழந்தைகள் அவருக்கு 'கே-டிக் தாது' என்று பெயர் வைத்தன. தாது என்றால் அவர்களுக்குத் தாத்தா. அது வளாகத்தில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களின் காதில் விழுந்து, சுருங்கி, கேடியானது. திருநெல்வேலிக்காரர் என்பதால் பின்னால் ஓர் அண்ணாச்சியும் ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் அவர் கடை வைத்ததில்லை, யாரையும் ஏமாற்றியதும் இல்லை. இரண்டு பட்டமும் பொருந்தாதவை. அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய கோபம் முழுவதும் விலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

இத்தனைக்கும் மனிதர் உத்தியோகத்தில் செய்தது விலை போடும் வேலை. ஓர் அரசு நிறுவனத்தில் விலை நிர்ணயப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நிறுவனத்தின் சாமானை நாட்டில் அவர்கள் மட்டும்தான் விற்றார்கள். என்ன சாமான் என்று கேட்டால் சொல்லமாட்டார். அவமானமாக இருக்கிறது என்பார்.

ஒருமுறை அரசு பால் பூத்தில் பாக்கெட் விலை ஏறியது. யார் போட்டது என்று இவர் கேட்க, பூத்காரர் மேலே கையைக் காட்டி, சர்க்கார் என்றார். அண்ணாச்சி நேராக வீட்டுக்கு வந்து சர்க்காருக்குக் கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உரிய அதிகாரியின் ஒப்புதலோடுதான் விலை ஏற்றப்பட்டது என்று ஒரே வரி. அந்தக் காகிதத்தை வளாகம் முழுக்கக் காட்டிக் காட்டித் திட்டினார். கடைசியில் என்னிடம் வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எட்டு மாசம் ஆனாலும் பதில் போட்டிருக்கான் பாத்தியளா, ஆபீசரம்மா. வையதுக்கு ஒரு அட்ரஸாவது இருக்கு."

நான் வங்கியில் வேலை பார்ப்பதால் ஆபீசரம்மா. அந்த அட்ரஸ் விஷயம் எனக்குப் புரிந்தது அடுத்த மழையில்தான்.

காளிகாட்டில் ஒரு கல்யாணம். அண்ணாச்சியும் நானும் ஒரே ஆப் டாக்சியில் கிளம்பினோம். மழை பெய்ததால் கட்டணம் இரண்டு மடங்கு. பாதி வழியில் அண்ணாச்சி டிரைவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். உங்களுக்கு இரண்டு மடங்கா, எனக்கு வழக்கமானதுதான் வரும் என்று தன் போனைக் காட்டினார். அப்படியானால் நடுவில் இருக்கும் பணம் யாருக்கு, அவனுக்கு அட்ரஸ் எது என்று இருவருமாக ஆராயத் தொடங்கி, ஆராய்ச்சி டீக்கடைக்கு நகர்ந்து, இரண்டு மண் குவளை டீயோடு முற்றியது. பட்டுப்புடவையோடு நான் பின் சீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கடை விஷயத்துக்கு வருகிறேன். எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

எங்கள் வளாகத்து வாசலில் மாலதிதி என்ற பெண் மூன்று சக்கர வண்டியில் காய்கறி விற்றுவந்தாள். பெயருக்குப் பின்னால் வரும் 'தி' வங்காளியில் அக்கா. கணவர் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வண்டிதான் அவர்களுக்குச் சோறு. தமிழ் வீடுகளுக்குக் கறிவேப்பிலை வேண்டும் என்று தெரிந்துகொண்டு, யாரோ ஒருவர் தோட்டத்திலிருந்து பறித்து வருவாள். அதற்குக் காசு வாங்கமாட்டாள். 'ஃபாவ்' என்று சொல்லிப் பைக்குள் திணிப்பாள். நம் ஊர்க் கொசுறுக்கு வங்காளிப் பெயர் ஃபாவ்.

ஒரு நாள் வளாகத்துக்குள்ளேயே குளிர்சாதன வசதியோடு ஒரு கடை வந்தது. பெயர் வேண்டாம். பெயரில் 'ஃப்ரெஷ்' இருந்தது, காய்களில் இல்லை. வேறு யாரும் வாசலில் விற்கக்கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம். பாதுகாப்புக் காரணம் என்று சுற்றறிக்கை வந்தது. தக்காளி விற்ற பெண்ணால் பதினாலு மாடிக்கு என்ன ஆபத்து என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது மட்டுமல்ல, சங்கத்தின் கமிட்டி உறுப்பினராக அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. முதல் இரண்டு மாதம் அங்கே எல்லாம் மாலதிதியின் விலையைவிட மலிவு. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

மாலதிதி வண்டியைத் தள்ளிக்கொண்டு கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனாள். மூன்றாவது மாதம் கடையில் விலை ஏறியது. பிறகு ஏறியதை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் அலமாரியில் கறிவேப்பிலை வந்தது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இரண்டு ஈர்க்கு, மேலே பார்கோடு, இருபத்தைந்து ரூபாய்.

அண்ணாச்சி அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். விலையை யார் போட்டது என்று கேட்டார். கல்லாவில் இருந்த பெண் சிஸ்டம் என்றாள். சிஸ்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றார். குருகிராமில் என்றாள். நம்பர் வாங்கிப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. கல்லாவிலேயே நின்று இருபது நிமிடம் பாட்டுக் கேட்டார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். டப்பாவை வாங்குவதும் இல்லை, வைப்பதும் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை படிக்கட்டு வரை நின்றது.

சங்கம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதற்கு அவர் பத்தி பத்தியாகப் பிரித்து, எண் போட்டு, பழைய ஆபீஸ் பாணியில் பதில் எழுதினார். அதைப் படித்துமுடிக்கச் செயலாளருக்கு இரண்டு நாள் பிடித்தது என்று கேள்வி.

வருடாந்தரக் கூட்டத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தது. ஒப்பந்தம் நீடித்தால் மாலதிதி வாசலுக்குத் திரும்பவே முடியாது. பாலத்தில் அவளுக்கு வியாபாரம் பாதிகூட இல்லை, பெரியவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறாள் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், ஆத்திரத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"முப்பது வருசம் நான் வெலை போட்டவன். வாங்குதவனுக்கு வேற வாசல் கெடையாது. அதனால எங்க சாயாவையும், பெரிய ஆபீசர் காரையும், கெஸ்ட் ஹவுஸ் திரைச்சீலையையும் சேத்து வெலைல ஏத்துவோம். யாரும் கேக்கல. எங்க ஃபைல்ல கொசுறுக்குன்னு ஒரு கட்டம்கூட கெடையாது. எதுக்கு இருக்கணும்? கொசுறு யாரு குடுப்பா? பக்கத்துக் கடைக்குப் போயிருவியோன்னு பயப்படுதவன் குடுப்பான். சர்க்கார் கடையா இருந்தா என்ன, கம்பெனிக் கடையா இருந்தா என்ன, ஒத்தைக் கடைன்னா கொசுறு கெடையாது. கொசுறு நின்னுபோன அன்னைக்கே நீங்க முழிச்சிருக்கணும்."

நான் மொழிபெயர்த்தேன். 'முழிச்சிருக்கணும்' என்பதை மட்டும் கொஞ்சம் மென்மையாக்கிவிட்டேன். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அவர் பக்கம் பதினொரு கை. என் கை என் மடியில் கிடந்தது. கையெழுத்துப் போட்டவள் எப்படி எதிர்ப்பது என்று ஒரு சாக்கு. கடைக்காரன் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறான் என்பதுதான் உண்மை. கடையின் மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்தைவிட அந்தக் கையின் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் பெரிது.

அண்ணாச்சி மறுநாள் காலை சக்கரம் வைத்த சூட்கேஸை இழுத்துக்கொண்டு கிளம்பினார். ஊருக்கா என்று கேட்டேன். "பாலத்துக்கு. ஒங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

எழுபத்திரண்டு வயதில் மனிதர் தினமும் காலையில் மாலதிதியிடம் போய், யார் யார் என்ன கேட்டார்களோ அதை வாங்கி, சூட்கேஸில் அடைத்து இழுத்துவருவார். வாசலில் விற்கக்கூடாது என்றுதான் ஒப்பந்தம், சூட்கேஸ் இழுக்கக்கூடாது என்று இல்லை. முதலில் பதினொரு வீடு, பிறகு முப்பது வீடு. ஒரு சூட்கேஸ் இரண்டானது. தக்காளி நசுங்கிவிட்டது, வெண்டைக்காய் முற்றல் என்று எங்கள் ஜனங்கள் அவரிடமே புகார் சொன்னார்கள். கூலியில்லாமல் சுமந்த மனிதரிடம் முற்றல் வெண்டைக்காய்க்கு விளக்கம் கேட்ட நாக்குகளை எனக்குப் பெயரோடு தெரியும். பாலத்தில் வியாபாரம் நிமிர்ந்தது. பெரியவள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள்.

துர்கா பூஜை சமயத்தில் கடையில் தக்காளி விலை இறங்கியது. குருகிராமில் உட்கார்ந்திருந்த சிஸ்டத்துக்கு ஒரு கிழவரின் சூட்கேஸ் தெரிந்துவிட்டது. கூடவே ஒரு பலகையும் வைத்தார்கள், இருநூறு ரூபாய்க்கு மேல் வாங்கினால் கறிவேப்பிலை இலவசம் என்று. ஜெயித்துவிட்டீர்கள் அண்ணாச்சி என்றேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

"கண்டிஷன் போட்டுக் குடுத்தா அது கொசுறாம்மா? சவம், அது கூலி."

தை மாதத்தில் ஒரு நாள் அவர் பாலத்துக்குப் போகவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். மனைவி முன்பே போனவர். மகன் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மறுநாள் ஆயிற்று. சவ வண்டிக்காரன் ஒரு தொகை சொன்னான். வளாகத்துக்குள் வேறு வண்டி வராது, சங்கத்தோடு ஏற்பாடு என்றான். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. தாம் கே டிக் கொர்லோ என்று நான் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடிவந்தார். ரேட் அதுதான் மேடம் என்று வண்டிக்காரன் தரையைப் பார்த்தான். அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்கு அப்படி ஒரு கோபம்.

அதே கோபத்தோடு அடுத்த வருடாந்தரக் கூட்டத்துக்குப் போனேன். போன வருடம் மென்மையாக்கிய வார்த்தையை உள்ளபடி சொன்னேன். கையெழுத்துப் போட்ட கையை முதலில் தூக்கினேன். பின்னாலேயே நிறையக் கைகள் எழுந்தன, சூட்கேஸ் காய்கறி சாப்பிட்ட கைகள். காலை ஒன்பது மணி வரை வாசலில் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று முடிவானது.

மாலதிதி வண்டியோடு திரும்பி வந்த முதல் நாள் நான்தான் முதல் ஆள். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினேன். அவள் ஒரு பெரிய கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் திணித்தாள். அவர் ஞாபகத்தில், வேண்டுமென்றே கேட்டேன், இதற்கு விலை யார் போட்டது என்று.

அவள் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தாது டிக் கொரே கேச்சேன்." தாத்தா போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று குழம்பில் கிடந்த கறிவேப்பிலையில் ஒன்றைக்கூட நான் தட்டோரம் ஒதுக்கவில்லை.