கணக்கு வராத வகுப்பின் காவலர்

கல்வி உலகம் இன்று சாயாமல் நிற்கிறதென்றால், முட்டுக்கொடுத்து நிற்பவர் நம் ஆய்வாளர்தான்.

முன்பு அவர் வெறும் கணக்கு வாத்தியார். சாக்பீஸ் தூளைத் தின்றே பாதி ஆயுள் போயிற்று. பிறகுதான் ஞானம் பிறந்தது. கணக்குச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வகுப்புதான் தேறும். கணக்கு ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தால் நாடே தேறும்! வேலையை உதறிவிட்டுக் கொள்கை ஆய்வு மையத்தில் சேர்ந்தார். ஏசி அறை, சுழல் நாற்காலி. அவர் விட்டுப்போன இடத்துக்கு மட்டும் இன்றுவரை ஆள் போடவில்லை.

ஆய்வுக்குத் தெரிந்த இடமாக இருக்கட்டுமே என்று அதே பள்ளியைப் பிடித்தார். என்ன அதிர்ஷ்டம்! அங்கே கணக்கு மதிப்பெண் வருடா வருடம் பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சரிவிலேயே அவர் மளமளவென்று மேலே ஏறினார்.

இந்த வருடம் போனபோது தலைமையாசிரியை வாசலிலேயே மடக்கினார்.

"சார், அடுத்த வாரம் பரீட்சை. பாதிப் பேருக்கு வகுத்தல் தெரியாது. ஃபெயிலானா மறுபடி அதே வகுப்புதான். உங்க அக்கா பொண்ணும் அதுல ஒருத்தி. ஒரு மணி நேரம் சொல்லிக்குடுங்க, புண்ணியமாப் போகும்."

"என்ன மேடம் நீங்க! நான் சொல்லிக்குடுத்தா அதுங்களுக்குக் கணக்கு வந்துடுமே!"

"வரட்டுமே சார்!"

"அப்புறம் ஆய்வு என்னத்துக்கு ஆகும்? இத்தனை வருஷ உழைப்பு பாழ்!"

"அப்படி என்னதான் சார் கண்டுபிடிச்சீங்க?"

"காரணம் ரொம்பச் சிக்கலானதுன்னு கண்டுபிடிச்சிருக்கோம்" என்றார் கம்பீரமாக.

வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தார். அக்கா மகள் நோட்டோடு ஓடிவந்தாள்.

"மாமா, நூத்தி நாலை எட்டால வகுக்கணும். பத்துல எட்டு போச்சு, மிச்சம் ரெண்டு. அப்புறம் என்ன பண்ணணும்?"

கை பரபரத்தது. உள்ளிருந்து பழைய வாத்தியார் எட்டிப்பார்த்தார். ஆய்வாளர் அவரை அமுக்கி உட்காரவைத்தார்.

"மாமா இப்ப ‘பார்வையாளர்’, கண்ணு. எதுவும் சொல்லக் கூடாது."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்களுக்குக் கணக்கு வந்துட்டா உங்களுக்கு வேலை போயிடுமா மாமா?"

ஆய்வாளருக்கு மெய்சிலிர்த்தது. வாத்தியாரே இல்லாமல் இவ்வளவு கூர்மையா! உடனே பரிந்துரை தயாராயிற்று: ‘ஆசிரியரில்லா வகுப்பில் சிந்தனைத்திறன் தானே மலர்கிறது.’ மேலிடம் அந்தக் காலியிடத்தையே ஒழித்துக்கட்டியது.

அக்கா மகள் ஃபெயில். அக்கா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஆய்வாளர் அசரவில்லை. அடுத்த அறிக்கையின் முதல் வரியை எழுதினார்: ‘பிள்ளைகள் தோற்பதற்கு வீட்டுப் பெரியவர்களின் அக்கறையின்மையே காரணம்.’

அவர் எழுதியதிலேயே அந்த ஒரு வரிதான் அப்பட்டமான உண்மை.